எஃப்.சி. முடிஞ்சு 12 நாள்தானே!

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகி முடிவதற்குள் எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நூல் வந்து நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு. அப்புறம் காம்பாக்டிங். அப்புறம் கட்டிங். கட்டிங் பீஸ்கள் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பும். பிறகு பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம். மற்ற இடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சந்து, ஒரு ஷெட், ஒரு முதலாளி. இவர்களையெல்லாம் இணைத்துக் கட்டியிருக்கும் கயிறு எது? டாடா ஏஸ்தான். 2005-ல் சந்தைக்கு வந்த அந்த வண்டியை இங்கே யாரும் டாடா ஏஸ் என்று சொல்வதில்லை. குட்டி யானை!

இந்தக் குட்டி யானைக்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டிவிட்டால் கட்டிய இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? இதுதான் விஷயம்.

ஒரு பேச்சுக்கு ஒரு முதலாளி

அனுப்பர்பாளையத்தில் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவரை ஒரு பேச்சுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இவரைப் போல வீதிக்கு ஒருவர் இருப்பார். 20 மெஷின். சொந்தமாக ஒரு குட்டி யானை, அதன் மேல் பாதி கடன். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது. டிரைவர் சாவியை வாங்கும்போது தயங்குகிறார்.

"அண்ணா, எஃப்.சி. முடிஞ்சு 12 நாள் ஆச்சுங்க. ரோட்டுல புடிச்சா என்னங்க சொல்றது?"

"இந்த ஷிப்மென்ட் போயிரட்டும் தம்பி. ஞாயித்துக்கெழமை பட்டறைல விட்டுக்கலாம். இன்ஷூரன்ஸ்தான் இருக்குதல்ல, அப்புறமென்ன?"

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எஃப்.சி. காட்டுவது என்றால் சும்மா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிற்பதல்ல. அதற்கு முன் டிங்கரிங், பெயின்டிங், பிரேக், லைட், டயர், ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் என்று எல்லா வேலையும் முடிக்க வேண்டும். நாலைந்து நாள் வண்டி பட்டறையில் நிற்கும். அத்தனை நாளும் பீஸ் எடுத்துப்போக வாடகை வண்டி பிடிக்க வேண்டும். ஷிப்மென்ட் நேரத்தில் இது யாருக்கும் கசக்கத்தான் செய்யும்.

அன்று சாயங்காலம் பெருமாநல்லூர் ரோட்டில் முன்னால் போன லாரி திடீரென்று நிற்கிறது. டிரைவர் வண்டியை ஒடிக்கிறார். ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த செக்கிங் வேலைக்காரப் பெண் மீது இடித்து, மீடியனில் மோதி நிற்கிறது வண்டி. அந்தப் பெண்ணுக்குக் கால் முறிவு. வண்டியின் முகப்பு அப்பளம்.

கம்பெனி சர்வேயர் வருகிறார், போட்டோ எடுக்கிறார். பாலிசி இருக்கிறது. டிரைவரின் லைசென்ஸ் சரி. ஆர்.சி. சரி. கடைசியாக எஃப்.சி. தேதியில் வந்து பேனா நிற்கிறது. சில வாரம் கழித்துக் கடிதம் வருகிறது. கிளெய்ம் நிராகரிப்பு.

முதலாளி மூன்று கேள்வி கேட்கிறார். மூன்றும் நியாயமாகத்தான் தோன்றும்.

1. எஃப்.சி. இல்லாததுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?
2. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. விபத்துக்கு எஃப்.சி. காரணமே இல்லையே?
3. 12 நாள்தானே?

முதல் கேள்வி: என்ன சம்பந்தம்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது 56-வது பிரிவு. சரக்கு வண்டி, வாடகை வண்டி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குச் செல்லத்தக்க தகுதிச் சான்று இல்லாவிட்டால், 39-வது பிரிவின்படி அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது என்கிறது அது.

இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எஃப்.சி. முடிந்தால் எஃப்.சி. மட்டும் முடியவில்லை. கையில் ஆர்.சி. புத்தகம் இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு அந்த வண்டி நம்பரே இல்லாத வண்டி மாதிரி! பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அது அந்த இடத்தோடு நிற்காமல் கீழ்வரை ஓடுமே, அதே கதைதான்.

குட்டி யானைக்காரர்களிடம் ஒரு குழப்பமும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று 66-வது பிரிவு விலக்கு தருகிறது. "பெர்மிட்டே வேண்டாங்கறான், எஃப்.சி. பெரிய விஷயமா?" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான், எஃப்.சி.க்கு இல்லை. 2018-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 62-ன்படி புது வண்டிக்கு முதலில் 2 ஆண்டு. பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை. 8 வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: விபத்துக்கு அது காரணமில்லையே?

இதுதான் கெட்டிக்காரத்தனமான கேள்வி. பி.காம். படிப்பவர்கள் இன்ஷூரன்ஸ் பாடத்தில் அண்மைக் காரணக் கோட்பாடு என்று ஒன்றைப் படிப்பார்கள். இழப்புக்கு எது நெருங்கிய காரணமோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அது. இங்கே காரணம் லாரி நின்றது, டிரைவர் ஒடித்தது. எஃப்.சி. அல்ல. அப்படியென்றால் பணம் தரவேண்டியதுதானே?

முதலாளி பக்கம் நிற்கும் தீர்ப்புகளும் இருக்கின்றன. 1996-ல் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் எதிர்த்த ஒரு வழக்கு. சரக்கு வண்டியில் அனுமதித்ததற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அந்தக் கூடுதல் ஆட்களால் விபத்து நடக்கவில்லை, ஆகவே கிளெய்மை மறுக்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2010-ல் இன்னொரு வழக்கு. சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டிருந்தார் ஒருவர். அங்கேயும் முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியைத் தரச் சொன்னது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால் 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கும் இந்த முறைக்கு 'நான் ஸ்டாண்டர்டு' என்று பெயர்.

ஆனால் 2014 செப்டம்பர் 4-ல் வந்த தீர்ப்பு வேறு திசையில் போனது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கு. ஒரு பிக்-அப் வண்டியின் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11-ல் முடிந்தது. பிப்ரவரி 2-ல் விபத்து. பதிவை நீட்டிக்க விண்ணப்பித்ததற்கான ஆதாரம்கூட உரிமையாளரிடம் இல்லை. பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டியதே பாலிசியின் அடிப்படை மீறல், பணம் கிடையாது என்று முடித்துவிட்டது உச்ச நீதிமன்றம். பாலிசி அப்போது உயிரோடுதான் இருந்தது!

2021 செப்டம்பர் 30-ல் வந்த யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் வழக்குத் தீர்ப்பு இன்னும் கடுமை. பொலிரோ வண்டி. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்தது. ஜூலை 28 இரவு ஜோத்பூரில் ஒரு விருந்தினர் இல்லத்தின் வெளியே நிறுத்தியிருந்தபோது திருட்டுப் போனது. நின்றுகொண்டிருந்த வண்டியைத் திருடன் கொண்டுபோனதற்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் பதிவில்லாத வண்டியைப் பொது இடத்துக்கு ஓட்டி வந்ததே மீறல் என்று கிளெய்ம் மறுக்கப்பட்டது.

இந்த இரண்டும் பதிவு பற்றிய தீர்ப்புகள், எஃப்.சி. பற்றியவை அல்ல. உண்மைதான். ஆனால் 56-வது பிரிவை மறந்துவிடாதீர்கள். எஃப்.சி. போனால் பதிவும் போனது மாதிரி என்கிறதே, அந்தப் பாலத்தின் வழியாகத்தான் கம்பெனி வக்கீல் நடந்து வருவார்.

ஆக, முதலாளி ஒரு கேள்வி கேட்கிறார், சட்டம் வேறு கேள்வி கேட்கிறது. "எதனால் விபத்து நடந்தது?" என்பது முதலாளியின் கேள்வி. "அந்த வண்டி அன்றைக்கு ரோட்டில் இருந்திருக்கலாமா?" என்பது சட்டத்தின் கேள்வி. முதல் கேள்விக்கு எவ்வளவு நல்ல பதில் வைத்திருந்தாலும் இரண்டாவது கேள்வியில் ஃபெயில்!

மூன்றாவது கேள்வி: 12 நாள்தானே?

மேலே சொன்ன இரண்டு வழக்கிலும் தேதியைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றில் 22 நாள். இன்னொன்றில் 9 நாள். 9 நாளுக்குப் போனது 6 லட்சம் ரூபாய்க்கு மேல் இன்ஷூர் செய்த வண்டி.

"கொரோனா நேரத்தில் விட்டார்களே" என்று சிலர் சொல்வார்கள். விட்டார்கள். 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான எஃப்.சி., லைசென்ஸ் போன்றவை செல்லும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பலமுறை நீட்டித்தது. 2021-ஓடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. பழக்கம்தான் இன்னும் முடியவில்லை.

புகைச் சான்றோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புகைச் சான்று இல்லை என்பதற்காகக் கிளெய்மை மறுக்க முடியாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2020 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எஃப்.சி.க்கு அப்படி ஒரு விளக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் கால்?

வண்டி ரிப்பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். கால் முறிந்து படுத்திருக்கும் பெண்ணுக்கு எஃப்.சி. என்றால் என்னவென்றே தெரியாது. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு லீவு என்றால் சம்பளமில்லை. முதலாளி தேதியை மறந்ததற்கு அவர் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

கஷ்டப்பட வேண்டாம் என்பதுதான் சட்டத்தின் பதில். தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமாக்கப்பட்டதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். கம்பெனி தப்பித்துக்கொள்ளும் காரணங்களை சட்டம் குறைவாகத்தான் வைத்திருக்கிறது. நிபந்தனை மீறல் இருந்தால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுக்கும் வழி: "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்." 2018-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, எஃப்.சி.யும் பெர்மிட்டும் இல்லாதது அடிப்படை மீறல்தான், கம்பெனி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது முதலாளியின் நிலையை யோசியுங்கள். கம்பெனி பணம் கட்டிவிட்டது, அப்பாடா என்று இருக்கும்போது அதே கம்பெனி கடன்காரனாக வந்து வாசலில் நிற்கும். இதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று நீதிமன்றத்திலேயே கேட்டு வசூலிக்கலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லிவிட்டது.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு

"இதெல்லாம் மஞ்சள் போர்டுக்கு. நம்மளுது ஒயிட் போர்டு" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. கிடையாதுதான். ஆனால் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாம்பிள் பீஸ் ஏற்றிக்கொண்டு திருப்பூர் சந்துகளில் ஓடும் பழைய ஆம்னி வண்டிகள் பலவும் இந்த வயதில்தான் இருக்கின்றன. இங்கே 56-வது பிரிவுப் பாலம்கூடத் தேவையில்லை. பதிவே நேரடியாக முடிகிறது.

ஆட்களை ஏற்றும் கம்பெனி வேனையும் மறக்க வேண்டாம். டிரைவரைத் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்து, தொழிலுக்காக ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன், வாடகை வாங்காவிட்டாலும் சட்டப்படி போக்குவரத்து வாகனம்தான். அதற்கும் எஃப்.சி. உண்டு.

ஒரு சின்னக் கணக்கு

காமர்ஸ் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

எஃப்.சி. வேலைக்கு 20,000 ரூபாய். 5 நாள் வாடகை வண்டிக்கு நாளுக்கு 1,500 வீதம் 7,500. மொத்தம் 27,500. முதலாளி இதை மிச்சம் பிடித்துவிட்டதாக நினைக்கிறார். அதுதான் இல்லை! எப்படியும் இதைச் செலவழித்தே ஆகவேண்டும். அவர் செய்தது சுமார் 2 வாரம் தள்ளிப்போட்டது மட்டும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்தால்கூட, 27,500-க்கு 2 வார வட்டி 275 ரூபாய்.

எதிர்ப்பக்கம் என்ன? வண்டி ரிப்பேர் 1,40,000. அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பாயம் 4,00,000 கொடுக்கச் சொல்லி, கம்பெனி அதைத் திரும்பக் கேட்டால் மொத்தம் 5,40,000. இதுபோக ஓடாத வண்டிக்கு மாதத் தவணை.

275 ரூபாய்க்கு 5,40,000-ஐப் பணயம் வைக்க யாராவது சம்மதிப்பார்களா? கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லாததால் ஊரில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

கடிதம் வந்துவிட்டால்?

முதலில், தேதி முடிந்த வண்டிக்கு அவசர அவசரமாக எஃப்.சி. வாங்கி நீட்டுவதில் பயனில்லை. கம்பெனி பார்ப்பது விபத்து நடந்த அன்று இருந்த நிலையை. பொய்க் காகிதம் காட்டினால் இருக்கும் கொஞ்ச வாய்ப்பும் போகும்.

இரண்டாவது, நிராகரிப்பைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டாம். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓர் ஆண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தனி ஆள் மட்டுமல்ல, ஒரே உரிமையாளர் நடத்தும் தொழிலும் குறு நிறுவனமும் போகலாம் என்பது திருப்பூருக்கு நல்ல செய்தி. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்.

இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் போக வேண்டும். "நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை" என்று கம்பெனி சொன்னால் பயப்பட வேண்டாம். தொழிலுக்காக எடுத்த இன்ஷூரன்ஸ் லாபத்துக்காக அல்ல, நஷ்டத்தை ஈடுகட்டத்தான் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே 75 சதவீத வாதத்தை வைத்துப் பார்க்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2014, 2021 தீர்ப்புகள் எதிரே நிற்கும்.

கடைசியாக

வெள்ளம் வரும் முன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். இங்கே அணை என்பது ஒரு தேதி. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று இரண்டும் தெரியும். இன்ஷூரன்ஸ் தேதியை ஏஜெண்ட் போன் போட்டு ஞாபகப்படுத்துவார், அவருக்குக் கமிஷன் உண்டு. எஃப்.சி. தேதியை ஞாபகப்படுத்த யாருக்கும் கமிஷன் இல்லை. அதனால்தான் அது மறந்துபோகிறது.

ஆபீஸ் சுவரில் ஷிப்மென்ட் தேதி எழுதிய போர்டு எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. அதே போர்டில் ஓர் ஓரமாக வண்டி நம்பரையும் எஃப்.சி. தேதியையும் எழுதி வைத்தால் போதும். டிரைவர் தம்பி தயங்கிக்கொண்டு வந்து, "அண்ணா, 12 நாள் ஆச்சுங்க" என்று சொல்லும்போது அவர் கையில் சாவியைக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அவர் சாவிக்காக வந்து நிற்கவில்லை, முதலாளியைக் காப்பாற்றத்தான் வந்து நிற்கிறார்.